பி.எஸ்.ஏ. ஏ65 எஞ்சினின் டைமிங் பக்க கிராங்க் புஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பர்மிங்காம் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் 1962 முதல் 1970களின் தொடக்கம் வரை தயாரான ஏ50 (499 சி.சி.), ஏ65 (654 சி.சி.) இரட்டை சிலிண்டர் எஞ்சின்களைப் பற்றியது இந்தப் பக்கம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைத் தாங்க இடது பக்கம், அதாவது செயின் ஓடும் பக்கம், பேரிங் இருக்கிறது. வலது பக்கம், வால்வுகளை இயக்கும் டைமிங் கியர்கள் உள்ள இடத்தில், ஒரு சாதாரண புஷ்தான், அதாவது குண்டோ ரோலரோ இல்லாத வெறும் உலோக வளையம். எஞ்சினைப் பிரித்தவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒற்றை புஷ்ஷைச் சுற்றியே வரும்.

ஒரு புஷ்ஷுக்கு ஏன் இவ்வளவு கவலை?

அது கிராங்க்கைத் தாங்குவதோடு நிற்பதில்லை. பிக் எண்ட் பேரிங்குகளுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) போகும் ஆயில் முழுவதும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். பம்ப் தள்ளும் ஆயில் வலது கிராங்க்கேஸில் உள்ள துளை வழியே வந்து, புஷ்ஷின் ஓட்டையில் நுழைந்து, உட்புறப் பள்ளத்தில் சுற்றி, கிராங்க் ஜர்னலில் (புஷ்ஷுக்குள் சுழலும் வழவழப்பான பகுதி) உள்ள துளைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து கிராங்க்கின் நடுவே உள்ள கசடுக் குழாயைக் கடந்து இரண்டு பிக் எண்டுகளுக்கும் பிரிகிறது.

புஷ் தேய்ந்தால் ஆயில் அதன் இரண்டு ஓரங்களிலும் வழிந்து எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் கொட்டிவிடும். பம்ப் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பிக் எண்டுக்கு அழுத்தம் போய்ச் சேராது. இடது பிக் எண்ட்தான் ஆயில் பாதையின் கடைக்கோடி. அது காய்ந்து பிடித்தால் கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க்கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இந்த எஞ்சின்களுக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

புஷ் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினைப் பிரிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆயில் பிரஷர் கேஜ் பொருத்தி, வண்டியை இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி, நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் கிடைக்கும் அழுத்தத்தை நம்ப வேண்டாம். கெட்டியான ஆயில் எந்த ஓட்டையையும் மறைத்துவிடும். அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு. சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 40-ஐத் தொடவே திணறினால் எங்கோ ஆயில் வழிகிறது.

ஆனால் குற்றவாளி புஷ்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ரிலீஃப் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கலாம். குண்டு வைத்த பழைய வகை வால்வு ஒழுகுவதில் பேர்போனது. துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய பம்ப்பின் உடல், நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் கோணிக்கொள்ளும். பின்னால் வந்த வார்ப்பிரும்பு பம்ப்பில் இந்தத் தொல்லை குறைவு. பம்ப்புக்கு அடியில் உள்ள பேக்கிங் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். இந்த மூன்றையும் பார்க்கக் கிராங்க்கேஸைப் பிரிக்க வேண்டியதில்லை என்பதால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

இவை சரியாக இருந்தால் டைமிங் பக்கத்தைத் திறந்து, கிராங்க் முனையில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து, கிராங்க்கை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். புது புஷ்ஷில் ஆட்டம் 0.025 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும், அதாவது ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு இஞ்ச். முள் 0.1 மி.மீ.-ஐ நெருங்கினால் எஞ்சினைக் கீழே இறக்க வேண்டியதுதான்.

டேங்க்கில் ஆயில் நன்றாகத் திரும்பி விழுகிறது. அப்படியானால் புஷ் நல்ல நிலையில்தானே இருக்கிறது?

இல்லை. டேங்க்குக்குத் திரும்புவது சம்ப்பில் விழுந்த ஆயில். புஷ் எவ்வளவு ஒழுகுகிறதோ அவ்வளவு தாராளமாக அது திரும்பும். மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயிலும் இந்தத் திரும்பும் குழாயிலிருந்துதான் பிரிகிறது. மேலே ராக்கர்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே கீழே பிக் எண்ட் வறண்டு கிடக்கலாம்.

கிராங்க்கேஸைப் பிரிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

டைமிங் பக்கக் கிராங்க் முனையில், ஆயில் பம்ப்பைச் சுழற்றும் வார்ம் கியரைப் பிடித்திருக்கும் நட் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் கழலும். வழக்கமான திசையில் நீளக் கம்பி போட்டு முறுக்கினால் மரை போய்விடும், சில சமயம் கிராங்க் முனையும் சேர்ந்து போகும்.

கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் தொழிற்சாலையில் ஜோடியாகவே கடையப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் வேறாக இருந்தால் முன்பு யாரோ இரண்டு எஞ்சின்களைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அந்த ஜோடியில் புஷ்ஷும் பேரிங்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்த வேலைக்கும் முன்னால் அதை அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் எதை முடிப்பது, கிராங்க் வேலையா, புஷ் வேலையா?

கிராங்க். புஷ்ஷின் துளை அளவைத் தீர்மானிப்பது ஜர்னல்தான். ஏ65-இல் டைமிங் பக்க ஜர்னல் புதிதாக இருக்கும்போது 1.4980 முதல் 1.4985 இஞ்ச், சுமார் 38.05 மி.மீ. மைக்ரோமீட்டரால் நீளவாக்கில் மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை அளக்கவும். எந்த இரண்டு அளவுக்கும் நடுவே 0.02 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, நகத்தால் வருடும்போது கோடு தட்டுப்பட்டாலோ கிரைண்டிங் தேவை.

கிரைண்டிங் செய்பவரிடம் சொல்லியே ஆக வேண்டியது: ஜர்னல் கிராங்க் உடலோடு சேரும் மூலையில் உள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டும். கல்லின் ஓரத்தால் அதைக் கூர்மையான மூலையாக வெட்டிவிட்டால் கிராங்க் உடையும் இடம் அதுவாகத்தான் இருக்கும். வளைவு இருப்பதால் புஷ்ஷின் உள் ஓரத்திலும் அதற்கேற்ற சேம்ஃபர் (சரிவாகச் சீவிய ஓரம்) வேண்டும். இல்லாவிட்டால் புஷ் வளைவில் ஏறி உட்கார்ந்து சூடேறும்.

கிரைண்டிங் முடிந்ததும் கசடுக் குழாயைத் திறக்காமல் கிராங்க்கை வாங்கி வராதீர்கள்.

அந்தக் கசடுக் குழாய் என்பது என்ன?

கிராங்க்கின் உள்ளே பிக் எண்ட் ஜர்னல்கள் வழியாகப் போகும் அகலமான துளை. கிராங்க் சுழலும் வேகத்தில் ஆயிலில் உள்ள உலோகத் தூளும் கரியும் இதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஆயில் மட்டும் பிக் எண்டுக்குப் போகும். இந்த எஞ்சினில் தொழிற்சாலை வைத்த வடிகட்டி வெறும் கம்பி வலைதான். அதனால் நுண்ணிய அழுக்கு எல்லாம் வந்து சேரும் இடம் இது. பல வருட அழுக்கு கெட்டித் தாராக இறுகி துளையை அடைத்துவிடும். புது புஷ், பிக் எண்டுக்குப் புது ஷெல் (அரைவட்டப் பேரிங் தகடு) எல்லாம் போட்டும் ஐந்நூறு கிலோமீட்டரில் பிக் எண்ட் போகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மூடியாக இருக்கும் திருகு சுழன்று வராமலிருக்க ஓரத்தில் பஞ்ச் அடித்திருப்பார்கள். அந்தப் பஞ்ச் குறியைச் சிறிய டிரில்லால் எடுத்து, கிராங்க்கைச் சூடாக்கி, இம்பாக்ட் டிரைவரால் திருப்பினால் அசையும். உள்ளே உள்ளதைச் சுரண்டி எடுத்து, டீசலில் ஊறவைத்து, எல்லாத் துளைகளிலும் பிரஷ் விட்டு, ஏர் அடிக்கவும். ஜர்னல் துளையில் ஊற்றும் ஆயில் இரண்டு பிக் எண்ட் துளைகளிலும் தடையில்லாமல் வர வேண்டும். மூடுவதற்குப் புதுத் திருகும் மரைப் பசையும் போட்டு, மறுபடி பஞ்ச் அடிக்கவும்.

பழைய புஷ்ஷை எப்படி எடுப்பது? சுத்தியலால் தட்டினால் வராதா?

வரும், கூடவே அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டு வரும். சூடாக்குவதே சரியான வழி. 40 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் துளை 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.09 மி.மீ. விரியும். அதே சூட்டில் எஃகு முதுகுள்ள புஷ் அதில் பாதிதான் விரியும். இந்த வித்தியாசத்தில் புஷ்ஷின் பிடி தளர்ந்துவிடும்.

கிராங்க்கேஸை முழுவதும் கழுவி, வீட்டு அவனிலோ பேக்கரி அடுப்பிலோ 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கவும். சமையலறை அவனில் ஆயில் படிந்த கேஸை வைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. எரிவாயு வெல்டிங் சுடரை ஒரே இடத்தில் காட்டாதீர்கள், வார்ப்பு கோணிக்கொள்ளும். வெளியே எடுத்ததும் புஷ்ஷின் அளவுக்குக் கடைந்த அலுமினிய டிரிஃப்ட்டை (தள்ளும் உருளை) வைத்து நேராகத் தள்ளுங்கள். அதற்கு முன், புஷ் சுற்றாமல் பிடிக்கும் ஆணி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை எடுத்துவிடவும். ஆயில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கேஸின் முகத்தில் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

புது புஷ் கேஸில் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும்?

புஷ்ஷின் வெளி விட்டம் துளையைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடாகும்போது அலுமினியம் கூடுதலாக விரிவதால் எஃகு முதுகுள்ள புஷ்ஷில் சுமார் 0.03 மி.மீ. இறுக்கம் குறைந்துவிடும். குளிர்ந்த நிலையில் 0.02 மி.மீ. மட்டும் இறுக்கம் வைத்தால் நெடுஞ்சாலையில் புஷ் கழன்று நிற்கும்.

கழன்ற புஷ் கிராங்க்கோடு சேர்ந்து சிறிது சுற்றினாலே போதும், ஆயில் ஓட்டை மூடிக்கொள்ளும். தேய்ந்த புஷ் எச்சரித்துக் கொல்லும். சுற்றிய புஷ் எச்சரிக்காது.

பழைய புஷ் ஏற்கெனவே ஒருமுறை சுற்றியிருந்தால் கேஸின் துளை பெரிதாகவோ நீள்வட்டமாகவோ ஆகியிருக்கும். அதற்கு வெளி விட்டம் பெரிதான புஷ்ஷைக் கடைந்து போடுவதே மருந்து. மரைப் பசையால் ஒட்டி வைப்பது, துளையைச் சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்குவது எல்லாம் வண்டியை விற்பவர் செய்யும் வேலை.

எந்த உலோகத்தில் புஷ் நல்லது?

எஃகு முதுகில் பேரிங் உலோகம் பூசியது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. லேத்தில் முழு வெண்கலத்தில் கடைவதானால் ஈயம் கலந்த வெண்கலம் கேளுங்கள். கடினமான பாஸ்பர் வெண்கலம் நீடித்து உழைக்கும் என்று கடைக்காரர் சொல்வார். புஷ் உழைக்கும்தான், ஆனால் ஆயிலில் வரும் தூள் அதில் பதியாமல் ஜர்னலை அறுக்கும். சரியான வடிகட்டி இல்லாத எஞ்சினில் கிராங்க்கைக் காப்பாற்றுவது மென்மையான புஷ்தான். பித்தளைக் கம்பியில் கடைந்து தருகிறேன் என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

பொருத்துவது எப்படி?

புஷ்ஷை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடவும். அது 0.02 முதல் 0.035 மி.மீ. சுருங்கும். கேஸைப் பழையபடி 120 டிகிரிக்குச் சூடாக்கி, ஆயில் ஓட்டையைக் குறிக்கு நேராகப் பிடித்து, ஒரே மூச்சில் உள்ளே தள்ளுங்கள். சில விநாடிகளில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் திருத்த நேரமிருக்காது. அதனால் டிரிஃப்ட்டிலும் ஓட்டையின் இடத்தைக் கோடு போட்டு வைத்திருப்பது நல்லது. ஆறியபின் கேஸின் ஆயில் துளையில் டார்ச் அடித்து, புஷ்ஷின் ஓட்டை முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பாதிதான் தெரிந்தால் பாதி ஆயில்தான் போகும்.

அளவு சரியாகக் கடைந்த புஷ் வாங்கினால் ரீமிங் (துளையை நுண்ணளவில் கடைந்து சரிசெய்வது) தேவையில்லை அல்லவா?

தேவை. இறுக்கமான துளைக்குள் போன புஷ் உட்புறம் சுருங்கும். வெளியே கொடுத்த இறுக்கத்தில் பெரும்பகுதி உள் விட்டத்தில் குறைந்துவிடும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புஷ் உள்ளே போன பிறகுதான் கடைசி அளவு.

இந்த வேலையில் அதிகம் சொதப்புவதும் இங்கேதான். கையால் திருப்பும் அட்ஜஸ்டபிள் ரீமரை வலது பாதியில் மட்டும் விட்டுக் கடைந்தால் துளை வட்டமாக வரலாம், ஆனால் எதிர்ப்பக்கப் பேரிங்குக்கு நேராக வராது. கோணலான புஷ்ஷில் கிராங்க் ஒரு ஓரத்தில் மேலேயும் மறு ஓரத்தில் கீழேயும் உரசும். சிறிது ஓடிப் பிரித்தால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பளபளப்பான பட்டைகள் தெரியும். அங்கே ஆயில் படலம் நிற்காது.

இரண்டு பாதிகளையும் டோவல் (இடம் பிசகாமல் பிடிக்கும் ஊசி) போட்டு எல்லா போல்ட்டுகளையும் முறுக்கிச் சேர்த்து, இடது பக்கப் பேரிங் துளையை ஆதாரமாக வைத்து, அதற்கு நேராக வலது புஷ்ஷைக் கடைய வேண்டும். பைலட் (எதிர்த்துளையில் நின்று வழிகாட்டும் முனை) உள்ள நீளமான ரீமர் இதற்கென்றே பி.எஸ்.ஏ. டீலர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அது இல்லாவிட்டால் மில்லிங் மெஷினில் இடது துளையை டயல் கேஜால் மையப்படுத்தி, அதே நேர்க்கோட்டில் கடையும் லைன் போரிங் செய்யலாம். ஆகவே லேத் பட்டறைக்கு வலது பாதியை மட்டும் எடுத்துப் போக வேண்டாம். இரண்டு பாதி, போல்ட்டுகள், கிரைண்டிங் முடிந்த கிராங்க் மூன்றும் சேர்ந்து போக வேண்டும்.

கடைசி அளவு: ஜர்னலைவிட 0.025 முதல் 0.05 மி.மீ. பெரிது. பிழைக்கு இடம் வேண்டுமென்று 0.07 வைத்தால் புது புஷ்ஷிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. இறுக்கமாக 0.015 வைத்தால் முதல் சூட்டிலேயே பிடிக்கலாம். கேஸும் கிராங்க்கும் ஒரே அறையில் இரவு முழுக்க இருந்த பிறகு அளக்கவும். வெயிலில் கிடந்த கேஸில் அளந்த அளவு பொய் சொல்லும்.

கிராங்க் இடவலமாக ஆடும் அளவு எவ்வளவு?

1966 மாடல் முதல் இடது பக்கம் ரோலர் பேரிங் வந்தது. அதற்கு முன் இருந்த பால் பேரிங் கிராங்க்கை இடவலமாக நகராமல் பிடித்தது; ரோலர் அப்படிப் பிடிக்காது. அதனால் பின்னாள் எஞ்சின்களில் இந்த ஆட்டத்தை ஷிம் (மெல்லிய உலோக வளையத் தகடு) வைத்து 0.0015 முதல் 0.003 இஞ்ச்சுக்குள், அதாவது 0.04 முதல் 0.08 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். ஷிம் இடது பேரிங்கின் உள் வளையத்துக்கும் கிராங்க் உடலுக்கும் நடுவே போகும்.

ஒவ்வொரு தடவையும் உள் வளையத்தை இழுத்து ஷிம் மாற்றுவது தலைவலி. பழைய பேரிங்கின் உள் வளையத்தைக் கையால் நழுவும் அளவுக்கு உள்ளே தேய்த்து வைத்துக்கொண்டால் அதை வைத்தே சோதனைகளை முடிக்கலாம், கடைசியாக மட்டும் புதியதைப் போடலாம். அளக்கும்போது இடது பக்க ஸ்ப்ராக்கெட்டையும் நட்டையும் முறுக்கியே அளக்கவும். இல்லாவிட்டால் உள் வளையம் ஷிம்மோடு ஒட்டாமல் இல்லாத ஆட்டத்தைக் காட்டும்.

எல்லாம் சரியா என்று ராடுகள் போடும் முன் பார்க்க முடியுமா?

பார்த்தே ஆக வேண்டும். வெறும் கிராங்க்கை ஆயில் தடவி உள்ளே வைத்து, கேஸை மூடி, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே கையால் சுற்றுங்கள். தளர்வாக இருக்கும்போது சுற்றி, முறுக்க முறுக்க இறுகினால் நேர்க்கோடு தவறியிருக்கிறது அல்லது இடவல ஆட்டம் இல்லாமல் போயிருக்கிறது.

ரோலர் பேரிங்காக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதாமே?

புஷ்ஷை எடுத்துவிட்டு நீடில் ரோலர் பேரிங் வைத்து, ஆயிலைக் கிராங்க் முனை வழியாக நேரே உள்ளே செலுத்தும் மாற்றம் இங்கிலாந்தில் பல வருடங்களாகச் செய்யப்படுகிறது. பேரிங் தேய்ந்தாலும் பிக் எண்ட் அழுத்தம் குறையாது என்பதுதான் இதன் பெரிய லாபம்.

திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் பிரித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதில் கிராங்க்கின் இருபுறமும் பால், ரோலர் பேரிங்குகள்தான். ஆயில் டைமிங் கவரிலிருந்து சீல் வழியாகக் கிராங்க் முனைக்குள் போகும். அங்கே புஷ் இருப்பது பிக் எண்டில்.

ஆனால் இந்த மாற்றத்துக்குக் கிராங்க் முனையில் துளை, கேஸில் போரிங், டைமிங் கவரில் புது ஆயில் வழி எல்லாம் வேண்டும், செலவும் அதிகம். பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நியாயம். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு, நேராகக் கடைந்த புஷ்ஷும் திரும்பும் குழாயில் காகித வடிகட்டியும் போதும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வது எப்படி?

காய்ந்த எஞ்சினை உதைத்துக் கிளப்பாதீர்கள். அசெம்பிளி செய்யும்போதே புஷ், ஷெல், பம்ப் எல்லாவற்றிலும் ஆயில் இருக்க வேண்டும். பிறகு பிரஷர் ஸ்விட்ச் துளை உள்ள மாடலில் அதன் வழியாக, இல்லாவிட்டால் ரிலீஃப் வால்வைக் கழற்றி அந்த வழியாக, ஆயில் கேனால் பாதையை நிரப்புங்கள். பிளக்குகளைக் கழற்றி, டேங்க்கில் ஆயில் திரும்பும் வரை கிக்கரை உதையுங்கள்.

20டபிள்யூ-50 ஆயில் போதும். கேஜைக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்து, சில விநாடிகளில் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே நிறுத்தவும். டேங்க்கிலிருந்து வரும் ஆயில் குழாயில், ஆயிலை நிறுத்தும் அடைப்பு வால்வு பொருத்தியவர்கள் அது திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். அதை மூடிவைத்து ஓட்டியதால் பாழான எஞ்சின்கள் கணிசம்.

முதல் 150 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, சம்ப் வலையைக் கழற்றிப் பாருங்கள். லேசான வெண்கல மினுமினுப்பு இருக்கலாம். செதில் செதிலாக வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி பிரிக்கவும். அடுத்த ஆயில் மாற்றம் 800 கிலோமீட்டரில். அதுவரை ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் திருக வேண்டாம், ஆனால் குறைந்த சுற்றில் டாப் கியரில் முக்கவைத்தும் ஓட்ட வேண்டாம். பம்ப் மெதுவாகச் சுற்றும்போது ஆயில் குறைவு, புஷ்ஷின் மேல் சுமையோ அப்போதுதான் அதிகம்.